ரத்து செய்யக்கூடிய தானப் பத்திரம்

என் அப்பாவின் நோயை முதலில் சொன்னது அவருடைய கையெழுத்துதான். கடலூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரம் எழுதியவர் அவர். எல்லாம் கணினித் தட்டச்சுக்கு மாறிய பிறகும், வரைவைக் கோடு போட்ட நீள நோட்டில் கையால் எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பின்புதான் தட்டச்சுக்குக் கொடுப்பார். 2012ஆம் ஆண்டின் நோட்டையும் 2014ஆம் ஆண்டின் நோட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டையும் ஒரே ஆள் எழுதினார் என்று நம்புவது கடினம். பிந்தைய நோட்டில் ஒவ்வொரு வரியும் வழக்கமான அளவில் தொடங்கி, வலப்பக்கம் போகப்போகக் குறுகி, வரி முடியும் இடத்தில் எறும்புச் சாரிபோல் ஆகியிருக்கும். வலது கையின் நடுக்கம் அதற்குப் பல மாதங்கள் கழித்தே எங்கள் கண்ணில் பட்டது.

நரம்பியல் மருத்துவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அப்பாவை நடக்கச் சொன்னார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருப்பதைக் காட்டி, பார்க்கின்சன் நோய் என்றார். நடுக்குவாதம் என்றும் உதறுவாதம் என்றும் ஊரில் சொல்வது இதைத்தான். நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் இது வருகிறது. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை அந்தக் குறையை வெளியிலிருந்து நிரப்பும். ஆனால் அழிவைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அப்பாவின் எழுத்து பழைய அளவுக்குத் திரும்பியது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் உடம்பு "இறங்க" ஆரம்பித்தது. அது எங்கள் வீட்டுச் சொல். மாத்திரை ஏறியிருக்கும் நேரம், இறங்கியிருக்கும் நேரம் என்று அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டே பொழுதுகள்.

அவர் இதுவரை இரண்டு மருத்துவ ஆய்வுகளில் பங்கெடுத்திருக்கிறார். "ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?" என்று என்னிடம் கேட்கும் குடும்பங்கள் கூடிக்கொண்டே போவதால், தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை முழுதாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் ஆய்வு 2018இல் நடந்தது. அதில் புது மருந்து எதுவும் இல்லை. உடல் அசைவுகளை அளந்து, ரத்தம் எடுத்து, மரபணுக்களைப் பார்ப்பதே நோக்கம். "என் ரத்தத்தில் என்ன இருக்கு?" என்று அப்பா கேட்டதற்கு மருத்துவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு குறிப்பிட்ட மாற்றம் வட ஆப்பிரிக்க அரபு மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் இந்த நோய்க்கு அடிக்கடி காரணமாக இருக்கிறது. இந்தியர்களிடமோ அது அரிது. அப்படியானால் நம்மவர்களுக்கு வேறு எந்த மாற்றங்கள் காரணமாகின்றன என்பதை நம்மவர்களின் ரத்தத்தில்தான் தேட முடியும். வெளிநாட்டாரின் ரத்தத்தை எத்தனை ஆயிரம் குப்பிகளில் சேர்த்தாலும் இந்தக் கேள்விக்கு விடை வராது.

அந்த ஆய்வுக்கு நோயில்லாதவர்களும் தேவைப்பட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? பெரும்பாலும் நோயாளியின் கணவனோ மனைவியோ அந்த இடத்தில் நிற்பார்கள் என்றார்கள். வயது நெருக்கம், ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஆனால் ரத்த உறவு இல்லை. "நாப்பத்தஞ்சு வருஷமா ஒரே கெணத்துத் தண்ணி" என்று சொல்லிக்கொண்டே அம்மா புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். மருத்துவமனைக்குத் துணையாக மட்டுமே வந்து பழகியவளுக்கு, தன் உடம்பிலிருந்தும் இந்த நோய்க்கு எதிராக ஏதோ ஒன்று போகிறது என்பதில் இருந்த நிறைவை அன்று நான் பார்த்தேன். நோயில்லாதவர்களும் ஆய்வுக்குத் தேவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கேட்டால் மறுக்காமல் தரக்கூடியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

அந்த ஆய்வின் கடினமான பகுதி ஒரு காலைப்பொழுது. மருந்தின் தாக்கம் இல்லாத நிலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று அளக்க வேண்டும் என்பதால், முந்தின இரவிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் லெவோடோபா எடுக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். இரவு மூன்று மணிக்கு அப்பாவால் புரண்டு படுக்க முடியவில்லை. அம்மாவும் நானும் போர்வையின் இரு முனைகளைப் பிடித்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம். விடிவதற்கு முன்பே வாடகைக் காரில் கிளம்பி ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியபோது அவருடைய இடது கால் விரல்கள் கொக்கிபோல் உள்ளே மடங்கிக்கொண்டன. கிருமாம்பாக்கம் வரும்வரை அந்தப் பாதத்தை என் மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே வந்தேன். மாத்திரை என் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் அப்பா தலையை மட்டும் அசைத்தார்.

பரிசோதனை அறையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலத் திறந்து, முடிந்தவரை வேகமாகப் பத்து முறை தட்டச் சொன்னார்கள். முதல் மூன்று தட்டுகளில் விரல்களுக்கு நடுவே ஓர் எலுமிச்சம்பழம் போகும். ஏழாவதில் ஒரு மிளகு போவதே கடினம். எட்டாவதில் விரல்கள் ஒட்டி நின்றுவிட்டன. அந்தக் குறுகலைத்தான் மருத்துவர் மதிப்பெண்ணாகக் குறித்துக்கொண்டார். நோட்டில் வரிகள் குறுகியதும் இதே காரணத்தால்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து எழுவது, நடந்து திரும்புவது, பின்னாலிருந்து தோளை இழுத்தால் எத்தனை அடி தடுமாறுகிறார் என்று பார்ப்பது. கடைசியாக ஒரு தாளில் உள்ளிருந்து வெளியே விரியும் சுருளை வரைய வேண்டும். மாத்திரையைக் கொடுத்து, ஒரு மணி நேரம் காக்கவைத்து, எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொன்னார்கள். முதல் சுருள் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் சிக்கிக் கிடந்தது. இரண்டாவது உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது.

காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குப் பார்க்கின்சன் போலவே தொடங்கிய வேறொரு நோய். கண்களைக் கீழே தாழ்த்த முடியாது. தட்டில் இருக்கும் சோறு தெரியாததால் மனைவி தட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்திலிருந்தே பின்பக்கமாகச் சாய்ந்து விழுகிறார். பிஎஸ்பி என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்த நோய் தனி நோயாக விவரிக்கப்பட்டது 1964இல்தான். லெவோடோபா இதில் பெரும்பாலும் எடுபடாது. நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதும் கடினம். அந்த அம்மாள் என்னிடம், "எங்களுக்கு மருந்தே இல்லியாம்மா, அதான் ஆராய்ச்சிக்காவது வரோம்" என்றார்.

இரண்டாவது ஆய்வு 2022இல் வந்தது. இது மருந்து ஆய்வு. வழக்கமான மாத்திரைகளை நிறுத்தாமல், அவற்றோடு ஒரு புது மாத்திரையைச் சேர்த்து இருபத்துநான்கு வாரம் கொடுத்துப் பார்ப்பது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத, ஆனால் பார்வைக்கு அதே போன்ற மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. பதினேழு பக்க ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்களும் இருந்தார்கள். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து, பென்சிலை வைத்துக்கொண்டு, ஒரு கிரயப் பத்திரத்தைப் படிப்பதுபோல் மூன்று நாள் படித்தார்.

எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார் என்று முதலில் தேடினார். வாங்குபவர் மருத்துவமனை மட்டும் அல்ல, பின்னால் ஒரு மருந்து நிறுவனம் இருக்கிறது என்பதை நான்காம் பக்கத்தில் கண்டுபிடித்து அடிக்கோடிட்டார். எவர் வற்புறுத்தலும் இல்லாமல் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன் என்ற வரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது; வாழ்நாள் முழுதும் அவர் எழுதிய வாசகம் அது. நியமனதாரரின் பெயர், உறவுமுறை, முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயரை எழுதச் சொன்னார். ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்ற பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன என்று நான் தேடிப் படித்துச் சொன்னேன். ஆனால் அவரை நிறுத்தியது பதினோராம் பக்கம். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம்; அதனால் வழக்கமான சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது.

"எழுதிக் கொடுத்துட்டு வேணாம்னா திருப்பிக்கலாமாம் பாப்பா. தானப் பத்திரத்துல இப்படி ஒரு ஷரத்தை நான் எழுதினதே இல்ல" என்றார்.

அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்ட தானத்தைக் கொடுத்தவர் தன் விருப்பத்துக்குத் திரும்பப் பெற முடியாது என்பது பத்திர உலகின் அரிச்சுவடி. உடம்பைத் தருகிறவருக்கு மட்டும் அந்தக் கதவு கடைசிவரை திறந்தே இருக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆய்வில் சேரப் போகிறவர்கள் வேறெதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும்.

ஒரு சொல் மட்டும் அவரை உறுத்தியது. மருந்தில்லாத மாத்திரையைப் படிவம் "மருந்துப்போலி" என்றது. போலிப் பத்திரங்களைக் கண்டுபிடித்துத் தடுப்பதைத் தொழில் தர்மமாக வைத்திருந்தவருக்குப் போலி என்றால் மோசடிதான். யாரோ ஏமாற்றப் போகிறார்கள் என்று நினைத்து ஓர் இரவு தூங்கவில்லை. மறுநாள் ஆய்வு மருத்துவரே தொலைபேசியில் பேசினார். "ஐயா, இங்க யாரும் யாரையும் ஏமாத்தல. போலி கொடுப்போம்னு முன்னாடியே சொல்லிட்டுத்தான் கொடுக்கிறோம். யாருக்கு எதுன்னு கோயில்ல திருவுளச் சீட்டு போட்டுப் பாக்குற மாதிரி கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்" என்றார். படிவத்தில் அதற்கு "சீரற்ற முறையில் ஒதுக்கீடு" என்று எழுதியிருந்தது. சீரற்ற என்றால் ஒழுங்கில்லாத என்றுதானே நம் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள்? இலக்கணத்தில் போலி என்பது எழுத்து மாறினாலும் பொருள் மாறாமல் நிற்பது. அறம் என்பது அறன் ஆவதுபோல. தமிழாசிரியருக்கு அது தெரியும். தேவனாம்பட்டினத்து மீனவருக்கும் நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயிக்கும் புரியும்படி எழுதிய படிவமே உண்மையான ஒப்புதலைப் பெறும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று படிவம் கேட்டது. அங்கே அப்பா தயங்கினார். அத்தை கொடுத்த பூனைக்காலி விதைப் பொடியை ஒரு வருடமாகப் பாலில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்ற பயம். நான் சொல்லத்தான் வேண்டும் என்றேன், ஏனென்றால் பூனைக்காலியில் இருப்பது லெவோடோபாவேதான். 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அது இந்த நோய்க்கு உதவும் என்று அப்போது எவருக்கும் தெரியாது. 1957இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தாவிலிருந்து கிடைக்கும் ரெசர்பினைக் கொடுத்து அசைவற்றுப் போன முயல்களை லெவோடோபா எழுப்பி ஓடவிடுவதைக் கண்டார். 1960இல் வியன்னாவில் ஹோர்னிகேவிச், பார்க்கின்சனோடு இறந்தவர்களின் மூளையில் டோபமின் வற்றியிருப்பதைக் காட்டினார்; அடுத்த ஆண்டு பிர்க்மேயரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டுப் பார்த்தார். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் வாய்வழியாக மெல்ல மெல்ல அளவைக் கூட்டிக் கொடுத்து அதை நிலையான சிகிச்சையாக்கினார். அப்பா தினமும் நான்கு வேளை விழுங்கும் மாத்திரைக்கு முன்னால், வியன்னாவில் மூளையைக் கொடுத்தவர்களும் ஊசிக்குக் கையை நீட்டியவர்களும் இருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அப்பா, "அப்போ அவங்க எழுதிக் கொடுத்ததைத்தான் நான் அனுபவிக்கிறேன்" என்றார். பொடியைப் பற்றி மருத்துவரிடம் அவரே சொன்னார். நிறுத்திவிட்டு, சில வாரங்கள் கழித்து வரச் சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது. மறைத்திருந்தால் அவருக்கும் ஆபத்து, ஆய்வின் கணக்கும் பிழையாகியிருக்கும்.

அந்த இடைவெளியில் நான் என் பங்குக்கு வில்லங்கம் பார்த்தேன். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்ய சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேடு 2007இலிருந்து இருக்கிறது. 2018 ஏப்ரலுக்குப் பிறகு, முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே அதில் பதிவு செய்திருக்க வேண்டும். படிவத்தில் இருந்த பதிவெண்ணைப் போட்டுத் தேடினால் யார் பணம் போடுகிறார்கள், எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, எதை அளக்கப் போகிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது என்பதெல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், மருத்துவம் அறியாத ஒரு சாதாரண மனிதரும் இருக்க வேண்டும் என்பது விதி. அப்பாவுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. கையெழுத்துப் போடப் போன அன்று காத்திருந்ததில் நேரமாகி மாத்திரை இறங்கிவிட்டது, பேனா நகரவில்லை. இடது பெருவிரல் ரேகை போதும் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம் பொறுத்திருந்து, பக்கத்துக்குப் பக்கம் தன் முழுக் கையெழுத்தைப் போட்டார்.

இருபத்துநான்கு வாரங்களின் பாரத்தைச் சுமந்தது அம்மா என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தைய மூன்று நாட்களுக்கு ஒரு நாட்குறிப்பு நிரப்ப வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம், நாளுக்கு நாற்பத்தெட்டுக் கட்டம்: உறக்கமா, இறக்கமா, ஏற்றமா, ஏற்றத்தோடு உடம்பு தானாக நெளிகிறதா. அடுப்படி அலமாரியில் அலாரம் வைத்த கைப்பேசியும் நூலில் கட்டிய பென்சிலும் தொங்கின. பத்தாம் வாரத்துக்குப் பிறகு ஏற்றக் கட்டங்கள் கூடின. நடையில் நம்பிக்கை வந்தது. வாசலில் உறைந்து நிற்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. சமதளத்தில் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் நிலைப்படியின் கட்டையைக் கண்டால் அதைத் தாண்டக் கால் தானே எழும். இப்போது கட்டை இல்லாத கொல்லைப்புற வாசலையும் நிற்காமல் கடந்தார். அம்மா கட்டங்களுக்கு வெளியே ஓரத்தில் "சிரிச்சார்" என்று ஒரு நாளும், "தேர்முட்டி வரைக்கும் போய் வந்தார்" என்று இன்னொரு நாளும் எழுதியிருந்தாள். அவற்றைக் குறிக்கப் படிவத்தில் இடம் இல்லை.

கடைசிச் சந்திப்பில் மிச்ச மாத்திரைகளையும் காலி அட்டைகளையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. ஆறு மாதம், எட்டு மாதம், ஒரு வருடம். தொலைபேசியில் கேட்டால், இன்னும் முடிவு வரவில்லை என்பார்கள். பிறகு, அந்தப் பணியாளர் மாறிவிட்டார் என்பார்கள். அப்பாவின் வருத்தம் மருந்தைப் பற்றியது இல்லை. பதிவான பத்திரத்தின் நகலைக் கொடுக்காமல் கட்சிக்காரரை அலையவிட்டதே இல்லை அவர். இரண்டு கடிதங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினோம். இரண்டாவதற்குப் பதில் வந்தது. ஆய்வு முடிந்தது, மருந்துக்கும் மருந்துப்போலிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, தங்கள் தந்தைக்கு வழங்கப்பட்டது மருந்துப்போலி.

நான் அதை உரக்கப் படித்து முடித்ததும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ அந்த மூணு மாசம் நடந்தது யாரு பாப்பா?"

அவமானப்பட்டுவிட்டாரோ என்று பதறிப்போய், தெரிந்ததையெல்லாம் சொன்னேன். 2001இல் கனடாவின் வான்கூவரில் செய்த ஓர் ஆய்வில், மருந்தில்லாத ஊசியைப் பெற்ற பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் உண்மையாகவே டோபமின் சுரந்ததைப் படம் பிடித்துக் காட்டினார்கள். பலன் வரும் என்ற எதிர்பார்ப்பே இந்த நோயில் டோபமினைச் சுரக்க வைக்கிறது. அப்பா கற்பனை செய்யவில்லை. அவர் மூளையில் மிச்சமிருந்த அணுக்கள் வேலை செய்தன. இந்த நோயின் மருந்து ஆய்வுகளில் மருந்துப்போலி ஏன் தேவை என்பதற்கும் காரணம் இதுவே. அது இல்லாமல் ஆய்வு நடந்திருந்தால், அம்மாவின் நாட்குறிப்பைச் சாட்சியாக வைத்துப் பயனில்லாத ஒரு மருந்தை உலகம் முழுதும் விற்றிருப்பார்கள்.

பலன் இல்லை என்ற முடிவும் முடிவுதான். நீரிழிவுக்குக் கொடுக்கும் எக்ஸெனடைட் என்ற மருந்து இந்த நோயின் வேகத்தைக் குறைக்கும் என்று பல ஆண்டுகளாகப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பிரிட்டனில் 194 பேர் 96 வாரம் அதையோ போலியையோ ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். பலன் இல்லை என்று 2025 பிப்ரவரியில் முடிவு வெளியானது. அதே வகையைச் சேர்ந்த லிக்ஸிசெனடைட்டை 156 பேரிடம் சோதித்த பிரெஞ்சு ஆய்வு, சிறிதளவு பலன் தெரிகிறது என்று 2024இல் சொல்லியிருந்தது. இரண்டையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 194 பேருக்கும் முடிவைத் தெரிவித்தார்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பங்கேற்றவருக்கு முடிவைச் சொல்வது நன்றிக் கடிதத்தோடு சேர்த்துச் செய்யும் உபசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடன். தன் உடம்பின் ஆறு மாதத்தைக் கொடுத்தவர் அதில் என்ன விளைந்தது என்று கேட்டு இரண்டு பதிவுத் தபால் அனுப்ப வேண்டியிருந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இத்தனைக்கும் பிறகு, சென்ற மாதம் புதுச்சேரியிலிருந்து வேறொரு குழுவினர் அழைத்தார்கள். தோலில் சிறு துணுக்கு எடுத்து, இந்த நோயில் திரளும் ஆல்ஃபா-சினூக்ளின் என்ற புரதத்தைத் தேடும் ஆய்வு. படிவத்தை முன்கூட்டியே அனுப்பினால்தான் வருவேன் என்று அப்பா சொல்லிவிட்டார், அனுப்பினார்கள். அவருக்கு இப்போது வயது எழுபத்தேழு. ஊஞ்சலில் உட்கார முடியாததால் கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, பென்சிலோடு நாளுக்கு இரண்டு பக்கம் படிக்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் தன் கையால் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தார். மாத்திரை இறங்கிய நேரத்தில் எழுதியிருக்க வேண்டும், அம்மாவின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்துத்தான் என்னால் படிக்க முடிந்தது: "எழுதி வாங்குபவர் முடிவை எங்களுக்கு எந்தத் தேதிக்குள் தெரிவிப்பார்?"

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை ஏறியிருக்கும் நேரம் அது.